பால் கறக்கும் ரோபோ: வாசகர் கேள்வி

கேள்வி: ஐரோப்பியப் பண்ணைகளில் ரோபோக்களே பால் கறக்கின்றன என்று படித்தேன். ஆள் அருகில் இல்லாமல் மாடு எப்படி ஒத்துழைக்கிறது? நம் ஊருக்கு இது ஒத்துவருமா?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அது புதிய செய்தியன்று. விற்பனைக்கு வந்த முதல் கறவை ரோபோக்கள் நெதர்லாந்துப் பண்ணைகளில் 1992-ஆம் ஆண்டிலேயே பொருத்தப்பட்டுவிட்டன.

மாட்டை வரவழைப்பது தீனி. ரோபோ இருக்கும் அடைப்புக்குள் அடர்தீவனம் விழும் என்பதை மாடு சில நாட்களில் பழகிக்கொண்டு, தனக்குத் தோன்றும் நேரத்தில் தானாகவே வந்து நிற்கிறது. கழுத்துப்பட்டையிலுள்ள மின்னணு அடையாளத்தைக் கொண்டு எந்த மாடு, கடைசியாக எப்போது கறந்தது என்று கணினி பார்க்கிறது. சற்றுமுன் கறந்த மாடு தீவன ஆசையில் திரும்ப வந்திருந்தால், ஒரு பிடியும் போடாமல் வெளியேற்றிவிடுகிறது. (இந்தக் கண்டிப்பு நம் வீட்டுப் பெரியவர்களிடம்கூடக் கிடையாது.) கறக்க வேண்டிய மாடாயின், லேசர் ஒளியாலோ கேமராவாலோ காம்புகளின் இடத்தைக் கண்டறிந்து, அவற்றைச் சுத்தம் செய்து, உறிஞ்சுகுழல்களை ஒவ்வொன்றாகப் பொருத்துகிறது. நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே அளப்பதுதான் இதன் சிறப்பு. மடிநோய் கண்ட மடியில் சுரக்கும் பாலில் உப்புச்சத்து கூடுவதால் மின்சாரத்தைக் கடத்தும் திறனும் கூடுகிறது. கண்ணுக்கு வீக்கம் தெரியும் முன்பே எந்தக் காம்பு என்பதுவரை இயந்திரம் எச்சரிக்க இதுவே காரணம்.

ஒரு ரோபோ ஏறத்தாழ 60 மாடுகளை நாளொன்றுக்கு இரண்டு, மூன்று முறை கறக்கும். வர மறுக்கும் மாடுகளை அங்கும் ஆள்தான் ஓட்டிவர வேண்டியிருக்கிறது.

இரண்டு, மூன்று மாடுகள் வைத்திருக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. விலை மட்டுமே காரணமன்று. கன்றை ஊட்டவிட்டால்தான் பால் இறங்கும் என்று பழகிய மாடுகள் நம்மிடம் ஏராளம். பின்காம்புகள் நெருங்கியிருக்கும் மடியில் குழல் பொருத்த ரோபோ திணறும் என்பதால், மேலைநாடுகளில் இனப்பெருக்கத்துக்கு மாடுகளைத் தேர்ந்தெடுக்கும்போதே காம்பமைப்பையும் கவனிக்கிறார்கள். அறுபது எழுபது கலப்பினக் கறவைகளை ஒரே கொட்டகையில் வளர்ப்பவர்கள் வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் தடையற்ற மின்சாரமும், பழுதானால் அன்றைக்கே வந்து சரிசெய்யும் ஆளும் முதலில் தேவை. மற்றவர்களுக்கு, பாலின் மின்கடத்துதிறனை அளந்து மடிநோயை முன்கூட்டியே காட்டும் சிறிய கைக்கருவியே போதுமானது என்பது என் கருத்து. எது வாங்குவது என்று உங்கள் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.