வண்டியை நிறுத்தும் காவலரிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் வசிப்பவன். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல முறைப்படி உரிமம் பெற்றிருக்கிறேன். வேலை நிமித்தமாக அடிக்கடி டெட்ராய்ட் வரை காரில் போய்வருகிறேன். வழியில் காவலர் வண்டியை நிறுத்தினால், அவர் கேட்காமலே நானாகச் சொல்ல வேண்டுமா? சொன்னால் வீண் வம்பு வருமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் குடியுரிமை பெற்றவர் என்பதால் இந்தக் கேள்விக்கு இடமிருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் உள்ளிட்ட சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது.

உங்கள் பயணத்திலோ மாநில எல்லையைத் தாண்டியதும் விடை மாறிவிடுகிறது. ஒஹாயோவில் முன்பு தாமாகவே உடனே சொல்லியாக வேண்டும்; 2022 ஜூன் 13 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, காவலர் கேட்கும்போது உண்மையைச் சொன்னால் போதும். டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் அப்படியில்லை. நிறுத்தப்பட்ட உடனேயே, கேட்காவிட்டாலும், நீங்களே தெரிவிக்க வேண்டும். வெளிமாநில உரிமத்துடன் வருபவரையும் இந்தக் கடமை விடுவதில்லை. ஒஹாயோவில் இப்போது உரிமமே கட்டாயமில்லை என்பதால், அட்டையை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் சிலருக்கு உண்டு. எல்லைக்கு அப்பால் அந்த அட்டைதான் உங்களைக் காக்கும் என்பதால் அதை மறக்க வேண்டாம்.

சட்டம் இப்படியிருக்க, கேட்காத இடத்திலும் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். ஆனால் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்பவர், உரிமம் பெற்றவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதாக மரியாதையாகவே சொன்னார். சொன்ன சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் துப்பாக்கியை எடுக்கக் கையை நீட்டுகிறார் என்று நினைத்ததாகக் கூறிய காவலரை 2017இல் நடுவர் குழு குற்றமற்றவர் என விடுவித்தது. ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொன்னதும் துப்பாக்கி பற்றிய பேச்சும் ஒன்றாக நேர்ந்ததில், எதற்காகக் கை நகர்கிறது என்ற ஐயத்துக்கு இடம் உண்டாகிவிட்டது. சொல்வது சட்டக் கடமையை நிறைவேற்றும். உயிருக்கு உத்தரவாதம் தராது.

ஆகவே வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இருட்டாக இருந்தால் உள்விளக்கைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொள்ளுங்கள். காவலர் எதையும் எடுக்கச் சொல்வதற்கு முன்பே பேசிவிடுங்கள். "துப்பாக்கி" என்ற சொல்லில் தொடங்காமல், மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் பெற்றவன் என்பதை முதலிலும், இப்போது அது இடுப்பின் வலப்பக்கம் இருக்கிறது என்பதை அடுத்தும் கூறி, நான் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள். அதன் பிறகு அவர் சொல்லாமல் கை நகரக் கூடாது. சோதனை முடியும்வரை துப்பாக்கியைத் தாமே வாங்கி வைத்துக்கொள்ள அவர் விரும்பினால், அங்கே வாதாட வேண்டாம். குறையிருந்தால் பின்னர் வழக்கறிஞர் மூலம் கேட்கலாம்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது: வண்டிப் பதிவுச் சீட்டும் காப்பீட்டுத் தாளும் வைக்கும் டாஷ்போர்டு அறையிலேயே துப்பாக்கியையும் வைக்காதீர்கள். தாளை எடுக்க மூடியைத் திறந்ததும் காவலர் கண்ணில் முதலில் படுவது அதுவாகத்தான் இருக்கும்.