வீட்டு கம்ப்யூட்டர் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது, என்ன பண்றது?
உடனே ரேம் வாங்க ஓடாதீங்க. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல ஸ்டார்ட்அப்ல போய் பாத்தா நீங்க கூப்பிடாமலே வந்து உக்காந்திருக்கிற ஆப் எல்லாம் வரிசையா தெரியும், வேணாங்கறத ரைட் கிளிக் பண்ணி டிஸேபிள் குடுங்க (ஆன்டிவைரஸ மட்டும் தொடாதீங்க). ஆப் ஒண்ணும் அழிஞ்சிடாது, தேவைப்பட்டா திறந்துக்கலாம். எங்கப்பா கம்ப்யூட்டர்ல 14 இருந்துச்சு, அதுல மூணு பிரிண்டரோடது, அந்த பிரிண்டர் செத்தே ரெண்டு வருஷமாச்சு!

இன்னொண்ணு, விண்டோஸ் 8-லேர்ந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, அது ஆன்ல இருந்தா ஷட் டவுன் குடுத்தாலும் விண்டோஸ் முழுசா மூடாது, கொஞ்சத்த டிஸ்க்குல சேவ் பண்ணி வச்சுக்கும், அதனால சுத்தமா புதுசா ஆரம்பிக்கணும்னா ரீஸ்டார்ட் தான். அப்பவும் இழுத்துச்சுன்னா பழைய ஹார்ட் டிஸ்க்கானு பாருங்க, எஸ்எஸ்டி (அதவிட வேகமான புது வகை டிஸ்க்) மாத்துனா நல்லாவே வித்தியாசம் தெரியும்.