நீட் போனால் என்ன, பயோகெமிஸ்ட்ரி எடுக்கலாமா? ஒரு அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில், "டாக்டர் ஆக முடியாதவள் பயோகெமிஸ்ட்ரி படித்து என்ன செய்யப் போகிறாள்?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் மகள் அழுவதும் கேட்டது. அவசரமாக ஏதாவது சொல்லிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பயோகெமிஸ்ட்ரி என்றால் உயிருள்ளவற்றின் உடம்புக்குள் நடக்கும் வேதியியல்.

போன வாரம் அவள் என்னைப் பார்க்க வந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். உயிரியல் மூலக்கூறுகள் என்றாள். "ஸ்டார்ச்சில் ஆல்ஃபா பிணைப்பு, செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு" என்று மனப்பாடமாகவும் ஒப்பித்தாள். சரி, ஒரே நெற்பயிர்தானே, அரிசியை நாம் சாப்பிடுகிறோம், வைக்கோலை ஏன் சாப்பிட முடியவில்லை என்றேன். ஐந்து நிமிடம் பேசவே இல்லை. என் மேஜையில் இருந்த தாளில் குளுக்கோஸ் வளையங்களை வரைந்தாள், அடித்தாள், மறுபடி வரைந்தாள். அப்புறம் சொன்னாள்: "அரிசியில இருக்கிற ஸ்டார்ச், வைக்கோல்ல இருக்கிற செல்லுலோஸ், ரெண்டுமே குளுக்கோஸ் சங்கிலிதான் சார். ஆனா கோத்திருக்கிற விதம் வேற. நம்ம எச்சில்ல இருக்கிற அமிலேஸ்ங்கிற நொதி ஆல்ஃபா பிணைப்பைத்தான் வெட்டும். பீட்டாவை வெட்டுற நுண்ணுயிரி மாட்டு வயித்துல இருக்கு."

அம்மா, அந்த ஐந்து நிமிடத்தை வைத்துத்தான் சொல்கிறேன், இந்தப் படிப்பு அவளுக்குப் பொருந்தும். கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று பெயர்களை மட்டும் உருப்போடுகிறவர்கள் இரண்டாம் வருடத்திலேயே திணறிவிடுவார்கள். அணுக்கள் அமைந்த விதத்துக்கும் உடம்பில் நடப்பதற்கும் என்ன தொடர்பு என்று யோசிக்கிற பிள்ளைகள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

உங்கள் சர்க்கரை ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி என்று ஒரு வரி இருக்குமே, அதுவும் பயோகெமிஸ்ட்ரிதான். ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால்தான் முந்தின இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிகிறது. டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் இனிப்பை விட்டால் அது ஏமாறாது.

அதே ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி என்ற பகுதியில், புரதத்தைக் கட்டும் அலகுகளான அமினோ அமிலங்கள் 146. ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிட்டால் போதும். ஆக்சிஜன் குறையும்போது மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி, சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடுகிறது. குளூட்டமிக் அமிலத்துக்கு மின்சுமை உண்டு, வாலினுக்குக் கிடையாது. அதனால் இரண்டு ஹீமோகுளோபினும் மின்புலத்தில் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன. 1949-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவருடன் இருந்தவர்களும் இதைக் காட்டினார்கள். நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் தன்மை இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. இன்றும் அங்கே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் செய்யக்கூடிய வேலை அது.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. மூன்று வருடத்தோடு நிறுத்தினால் கிடைக்கும் வேலையும் சம்பளமும் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எம்.எஸ்சி. வரை ஐந்து வருடம் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வில் பயோடெக்னாலஜி தாள் எழுதலாம். அதில் பிளஸ் டூ கணக்கும் இயற்பியலும் கேட்பார்கள், அதனால் கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்பினால் பின்னால் எழுத கேட், சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வுகள் இருக்கின்றன. லேப் டெக்னீஷியன் ஆவதுதான் அவள் ஆசை என்றால் பி.எஸ்சி. எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கட்டும். அது வேறு படிப்பு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்துவிட்டு வருத்தப்படுகிற பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன்.

கல்லூரி பார்க்கப் போகும்போது அலுவலகத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலை ஒளிமானி, வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்குக் கருவி எல்லாம் உறை போட்டு மூடிக் கிடக்கின்றனவா, மாணவர்கள் கை பட்டுப் பழகியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் வருட மாணவி யாராவது கண்ணில் பட்டால், திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டை அவர்களே பிடிக்கிறார்களா, இல்லை ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் செய்யுங்கள். அந்த வளையங்கள் வரைந்த தாள் என் மேஜையில்தான் இருக்கிறது, வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.