‘ஹலோ’ யாருடைய பெயர்?

கேள்வி: கிரகாம் பெல் தாம் கண்டுபிடித்த தொலைபேசியில் முதன்முதலாக அழைத்தது மார்கரெட் ஹலோ என்ற தம் காதலியைத்தான் என்றும், அவருடைய பெயரே இன்றுவரை ‘ஹலோ’ என்று வழங்குகிறது என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இது உண்மையா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: துளியும் உண்மை இல்லை. 1876 மார்ச் 10 அன்று பாஸ்டனில் பெல் அந்தக் கருவியில் பேசியது, அடுத்த அறையிலிருந்த உதவியாளர் வாட்சனை ‘இங்கே வாருங்கள், உங்களைப் பார்க்க வேண்டும்’ என்று அழைத்த வாக்கியம். அவருடைய குறிப்பேட்டிலேயே அது பதிவாகியிருக்கிறது. அவர் காதலித்து 1877 ஜூலையில் மணந்துகொண்ட பெண்ணின் பெயர் மேபெல் ஹப்பார்ட். குழந்தைப் பருவத்தில் கண்ட காய்ச்சலால் செவித்திறனை இழந்த மேபெல், பெல்லிடம் பேச்சுப் பயிற்சிக்கு வந்த மாணவி. திருமணத்தையொட்டி, புதிதாகத் தொடங்கிய தொலைபேசி நிறுவனத்தில் தமக்கிருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைத்தையும் பெல் அவருக்கே எழுதிக் கொடுத்தார். தொலைபேசியில் ஒரு சொல்லைக்கூடக் கேட்க இயலாத அந்தப் பெண்ணை அகற்றிவிட்டு, பிறக்கவே பிறக்காத ஒரு மார்கரெட்டை அவருடைய இடத்தில் வைப்பதை வெறும் தகவல் பிழை என்று விட்டுவிட எமக்கு மனமில்லை. அது மேபெலுக்குச் செய்யும் அநியாயம்.

சொல்லும் பெல்லைவிட வயதில் மூத்தது. அவர் பிறந்தது 1847இல். ‘ஹலோ’ என்ற வடிவமோ 1820களிலேயே அமெரிக்க அச்சில் வந்துவிட்டது. அதற்கும் முன்பே ஹாலோ, ஹொல்லோ என்றெல்லாம் ஒலித்த அதன் உறவுச் சொற்கள், தொலைவில் இருப்பவரைக் கூவி அழைக்கவும் வேட்டை நாய்களை ஏவவும் பயன்பட்டன. ஓடக்காரரைக் கரைக்குக் கூப்பிடும் பழைய ஜெர்மானியக் குரலோடு இவற்றைத் தொடர்புபடுத்தும் அகராதிகளும் உண்டு.

தொலைபேசிக்கு இச்சொல்லைப் பரிந்துரைத்தவர் எடிசன். 1877 ஆகஸ்ட் 15 அன்று பிட்ஸ்பர்க் நகரத் தந்தி நிறுவனத் தலைவர் டேவிட் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், ‘ஹலோ’ என்ற குரல் பத்து முதல் இருபது அடி தொலைவுக்குக் கேட்கும் என்பதால் அழைப்புமணி தேவைப்படாது என்று அவர் குறிப்பிட்டார். பெல் விரும்பியதோ ‘அஹோய்’ என்னும் மாலுமிகளின் கூவலை. அதைத் தொலைபேசி நிலையங்கள் ஏற்கவில்லை. ‘ஹலோ’ அங்கே வேரூன்றி, இணைப்புத் தரும் பெண்களை ‘ஹலோ பெண்கள்’ என்றே மக்கள் அழைக்கும் அளவுக்குப் பரவியது. நேரில் காண்பவருக்குச் சொல்லும் முகமனாக அது பெருவழக்கானது இதன் பிறகுதான்.

ஆனாலும் பழைய பொருள் மறையவில்லை. ரேஷன் கடையில் வரிசையை மீறி முன்னால் போகிறவரைப் பார்த்து, ‘ஹலோ, எங்க போறீங்க?’ என்று நம் ஊரில் குரல் கொடுக்கிறார்களே, அது முகமன் அன்று. ஒருவரை நிறுத்தித் திரும்பிப் பார்க்க வைக்கும் அதே பழைய கூவல்.