வெயிலுக்குத் தட்டில் என்ன? ஊட்டச்சத்து நிபுணரின் பதில்கள்

கேள்வி: மேடம், தினமும் தக்காளி சாப்பிட்டால் சன்ஸ்கிரீன் வேண்டாமாமே?

பதில்: வேண்டும். தக்காளிச் சிவப்பிலுள்ள லைகோபீன் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். 2001-இல் வெளியான ஒரு சிறு ஜெர்மன் ஆய்வில், தினமும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு கொடுத்தார்கள். 4 வாரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 10 வாரம் கழித்துத்தான் புற ஊதாக் கதிர் பட்ட தோல் சிவப்பது சுமார் 40% குறைந்தது. கோடைக்கு வேண்டுமென்றால் பொங்கல் முடிந்ததும் ஆரம்பியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் தக்காளி ரசம். போதாதா?

பதில்: ரசத்தில் சக்கையைப் பிழிந்து எறிந்துவிடுகிறோமே! லைகோபீன் அதிகம் இருப்பதே தோலில். அது எண்ணெயில்தான் கரையும். சூடுபட்டால்தான் எளிதில் வெளிவரும். அரை கிலோ பழுத்த தக்காளியைத் தோலோடு அரைத்து, 6 தேக்கரண்டி நல்லெண்ணெயில், எண்ணெய் பிரியும்வரை சிறுதீயில் சுண்ட வையுங்கள். மூன்று நாளைக்கு வரும். ஒரு நாளைக்கு இரண்டரை மேசைக்கரண்டி. உப்பை ஊறுகாய் மாதிரி அள்ளிப் போடாதீர்கள். தோசைக்குத் தொட்டுக்கொண்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

கேள்வி: கணவர் சிகரெட் பிடிப்பவர். வெயிலுக்காக பீட்டா கரோட்டின் (கேரட்டின் ஆரஞ்சு நிறச் சத்து) மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு தினம் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1994-இல் முடிவு வந்தது. கேரட், பரங்கி, முருங்கைக்கீரை சமையலாகச் சாப்பிடட்டும், பயமில்லை.

கேள்வி: கேரட் ஜூஸ் குடித்து உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலையா?

பதில்: கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் கரோட்டின்தான். ஜூஸை நிறுத்தினால் சில வாரங்களில் மங்கும். கண்ணும் மஞ்சள் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: கருமை போக எலுமிச்சை தேய்க்கிறேன். சரியா?

பதில்: குடியுங்கள், தேய்க்காதீர்கள். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள், வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் எரிச்சல், கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் கருந்தழும்பு. சாறு வழிந்த கோடு அப்படியே படிந்திருக்கும். பழம் பிழிந்த கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டே வெளியே போங்கள்.

கேள்வி: நேற்று வெயிலில் நின்று முகம் எரிகிறது. இப்போது எதைச் சாப்பிட?

பதில்: நேற்றைய வெயிலுக்கு இன்றைய தக்காளி உதவாது. ஈரத்துணி வையுங்கள், தண்ணீர் குடியுங்கள், கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள்.