செயற்கை ஓப்பல் ஒளிப்படிகங்கள்: செய்முறையும் ஆய்வும் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஓப்பல் கல்லில் சாயம் எதுவும் இல்லாதபோது நிறம் எப்படித் தோன்றுகிறது? ஆய்வகத்தில் செய்வதும் அதே அமைப்புதானா?

பதில்: ஒழுங்காக அடுக்கப்பட்ட கோளங்களின் தளங்களில் எதிரொளிக்கும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் அந்த நிறம் பிறக்கிறது. இப்படி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க இடைவெளியில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப அமைந்த பொருளையே ஒளிப்படிகம் என்கிறோம். 1953இல் சி. வி. ராமனும் ஏ. ஜெயராமனும் இந்த நிறத்துக்கான காரணத்தைக் கல்லின் உள்ளமைப்பிலேயே தேடினார்கள். 1964இல் ஜே. வி. சாண்டர்ஸ், ஏறத்தாழ 150 முதல் 300 நானோமீட்டர் வரை விட்டமுள்ள சிலிக்கா கோளங்கள் நெருங்கி அடுக்கியிருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் காட்டினார். இயற்கைக் கல்லில் கோளங்களுக்கு இடைப்பட்ட வெளியையும் பெரும்பாலும் சிலிக்காவே நிரப்பியிருக்கிறது. நாம் செய்யும் படலத்தில் அங்கே காற்று இருப்பதால் ஒளிவிலகல் எண்ணின் வேறுபாடு கூடுகிறது, எதிரொளிப்பும் வலுப்பெறுகிறது.

கேள்வி: சிலிக்கா கோளங்களை நானே தயாரிக்கலாமா? எதில் அதிகக் கவனம் வேண்டும்?

பதில்: தயாரிக்கலாம். 1968இல் ஸ்டோபரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட முறையே இன்றும் அடிப்படை: எத்தனாலில் நீரும் அம்மோனியாவும் கலந்து, அதில் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிகேட்டைச் சேர்த்துக் கலக்கினால் கோளங்கள் வளரும். கவனம் முழுவதும் அளவின் சீர்மையில் இருக்க வேண்டும். விட்டங்களின் பரவல் சராசரியில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் நீண்ட ஒழுங்கு கிடைப்பது அரிது. 2 அல்லது 3 விழுக்காட்டுக்குள் வந்தால் நல்ல படிகத்தை எதிர்பார்க்கலாம். இரண்டு கோளங்கள் ஒட்டிப்போன இரட்டை ஒன்று இருந்தாலே அதைச் சுற்றியுள்ள பல வரிசைகள் குலைகின்றன. ஆகவே வெப்பநிலையை மாறாமல் வைத்திருங்கள், கலங்களைத் தூசியின்றிக் கழுவுங்கள், விளைபொருளை மையவிலக்குக் கருவியில் பலமுறை கழுவி மீயொலியால் மீண்டும் சிதறடியுங்கள். படிகத்தின் தரத்தில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. மோசமான கோளங்களை எந்தப் படிவு முறையாலும் ஈடுசெய்ய இயலாது.

கேள்வி: கோளங்களை அடியில் படியவிடுவது நல்லதா, கண்ணாடிச் சில்லைச் செங்குத்தாக நிறுத்தி ஆவியாக்குவது நல்லதா?

பதில்: தடித்த கட்டி வேண்டுமானால் படியவிடலாம்; பொறுமை வேண்டும். 250 நானோமீட்டர் சிலிக்கா கோளம் நீரில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒளியியல் அளவீட்டுக்கான மெல்லிய படலத்துக்குச் செங்குத்து முறையையே நான் பரிந்துரைக்கிறேன். 1999இல் விக்கி கால்வின் குழுவினர் இம்முறையில் அடுக்குகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். சில்லின் மீது ஏறி நிற்கும் திரவ விளிம்பில் ஆவியாதல் விரைவாக நடப்பதால், இழந்த திரவத்தை ஈடுசெய்ய உள்ளிருந்து ஓட்டம் எழுகிறது. அந்த ஓட்டம் கோளங்களை விளிம்புக்கு இழுத்துச் செல்ல, அங்கே அவை அறுகோண வரிசையில் இறுகுகின்றன. கோளங்களின் செறிவைக் கூட்டினால் அடுக்குகள் கூடும். 500 நானோமீட்டர் கோளங்களில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: படியும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அவை 250 நானோமீட்டர் கோளங்களைவிட 4 மடங்கு விரைவாக இறங்கி, விளிம்பை அடையும் முன்பே குப்பியின் அடியில் தங்கிவிடும். அடிப்பகுதியைச் சற்றுச் சூடாக்கித் திரவத்தில் சுழற்சியை உண்டாக்கினால் அவை மிதந்து நிற்கும். எந்த அளவானாலும் அதிர்வும் காற்றோட்டமும் ஆகாதவை.

கேள்வி: படலம் காய்ந்தவுடன் வெடிப்பு விடுகிறது, ஐயா. தவிர்க்க வழியுண்டா?

பதில்: ஸ்டோபர் சிலிக்காவின் நுண்துளைகளில் நீர் தங்கியிருக்கிறது. காயும்போது கோளங்கள் சுருங்குகின்றன. படலமோ அடித்தளத்தோடு ஒட்டியிருப்பதால் சுருங்க இடமின்றி வெடிக்கிறது. கோளத் தூளை முன்கூட்டியே சில நூறு பாகை செல்சியஸில் சூடாக்கிச் சுருக்கிவிட்டு, பிறகு சிதறடித்துப் படியவைத்தால் வெடிப்பு வெகுவாகக் குறையும். தலைகீழ் ஓப்பல்தான் (கோளங்கள் இருந்த இடத்தில் காற்றும், இடைவெளிகளில் திடப்பொருளும் உள்ள அமைப்பு) நோக்கம் என்றால், பாலிமர் கோளங்களையும் சிலிக்காவாக மாறும் முன்பொருளையும் ஒரே திரவத்தில் சேர்த்துப் படியவைக்கும் வழி சிறந்தது. 2010இல் ஜோனா ஐசன்பெர்க் குழு இம்முறையில் வெடிப்பற்ற பெரிய படலங்களை உருவாக்கியது.

கேள்வி: என் கோளங்களின் விட்டம் 250 நானோமீட்டர், எதிரொளிப்பு உச்சம் 560 நானோமீட்டரில் வருகிறது. கணக்குப்படி இது சரியா?

பதில்: சரியான இடத்துக்கு அருகில்தான் இருக்கிறீர்கள். அடுத்தடுத்த கோள அடுக்குகளுக்கு இடையிலான தள இடைவெளி விட்டத்தின் 0.816 மடங்கு, அதாவது 204 நானோமீட்டர். இடத்தில் 74 விழுக்காடு சிலிக்கா, 26 விழுக்காடு காற்று என்று கொண்டு, சிலிக்காவின் ஒளிவிலகல் எண்ணை 1.45 என எடுத்தால், சராசரி எண் ஏறத்தாழ 1.35 ஆகும். நேர்க்குத்தாகப் படும் ஒளிக்கு 2 × 204 × 1.35, அதாவது 550 நானோமீட்டர். துளைகளில் தங்கிய ஈரமோ நுண்ணோக்கியின் அளவுப் பிழையோ மீதி வேறுபாட்டைத் தரக்கூடும். ஆனால் ஒரே கோணத்தில் எடுத்த ஒரே உச்சத்தை வைத்துத் தள இடைவெளி, ஒளிவிலகல் எண் ஆகிய இரண்டு அறியாக் கணியங்களைத் தீர்க்க முயலாதீர்கள். பல படுகோணங்களில் அளந்து, அலைநீளத்தின் இருமடியைப் படுகோணச் சைனின் இருமடிக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு கிடைத்தால் அதன் சாய்விலிருந்து தள இடைவெளியும், பிறகு வெட்டுத்துண்டிலிருந்து ஒளிவிலகல் எண்ணும் தனித்தனியே வந்துவிடும். உச்சத்தின் இருபுறமும் சிற்றலைகள் தெரிந்தால் மகிழுங்கள்; படலத்தின் தடிமன் சீராக இருக்கிறது என்பதற்கு அவை சான்று, அவற்றின் இடைவெளியிலிருந்து தடிமனையும் கணக்கிடலாம்.

கேள்வி: மேற்பரப்புப் படத்தில் அறுகோணம் தெரிகிறது. முகமையக் கனசதுர அமைப்பு என்று எழுதிவிடலாமா?

பதில்: கூடாது. நெருக்க அடுக்கின் மேல்தளம் முகமையக் கனசதுரத்திலும் அறுகோண நெருக்க அடுக்கிலும் ஒன்றுபோலவே தெரியும். மூன்றாம் அடுக்கு எங்கே அமர்கிறது என்பதில்தான் வேறுபாடு. உடைந்த விளிம்பின் குறுக்குவெட்டைப் பாருங்கள். அங்கே சதுர வரிசை கொண்ட முகங்கள் தெரிந்தால் கனசதுர அமைப்பு என்று சொல்ல இடமுண்டு.

கேள்வி: இப்படலத்தில் முழுமையான ஒளித்தடைப் பட்டை கிடைக்குமா?

பதில்: ஒளித்தடைப் பட்டை என்பது படிகத்துக்குள் ஒளி பரவ முடியாத அலைநீள வரம்பு; எல்லாத் திசைகளிலும் தடுத்தால் அது முழுமையானது. இப்படலத்தில் அது கிடைக்காது, சில திசைகளில் மட்டுமே தடை இருக்கும். 1987இல் யாப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் முன்வைத்த முழுத் தடையை இந்த அடுக்கில் பெற, கோளங்களின் இடத்தில் காற்றும் இடைவெளிகளில் ஏறத்தாழ 2.8க்கு மேற்பட்ட ஒளிவிலகல் எண் கொண்ட பொருளும் இருக்க வேண்டும். 2000இல் சிலிக்கானால் அத்தகைய தலைகீழ் ஓப்பல் செய்யப்பட்டு, 1.5 மைக்ரோமீட்டருக்கு அருகே முழுத் தடை பெறப்பட்டது. அதில் சிலிக்கா அச்சை (வார்ப்பாக நின்ற கோளங்களை) நீக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலுக்குள் ஊடுருவி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். பயிற்சி பெற்றவர் உடனில்லாமலும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமலும் அதைத் தொடவே கூடாது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் பாலிஸ்டைரின் அச்சில் டைட்டானியாவை நிரப்பி, அச்சைக் காற்றில் மெதுவாகச் சூடாக்கி எரித்து நீக்கும் வழியை எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு இந்த அமிலமே தேவையில்லை.