நண்பர்களுக்குள் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக் நடத்துவது எப்படி? பாதியிலேயே ஆட்கள் விட்டுவிடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கல்லூரி நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து எஃப்.பி.எல். (ஃபேன்டஸி பிரீமியர் லீக், அதாவது இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களை வைத்து நாமே ஒரு டீம் அமைத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் இணைய விளையாட்டு) லீக் நடத்தப் போவதாகவும், போன முறை டிசம்பர் வந்ததும் குழுவில் பேச்சே அடங்கிவிட்டதாகவும், பணம் கட்டி ஆடினால் ஆர்வம் கூடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கூட்டத்தில் இந்த லீக்கை நடத்தும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம்தான் இருக்கிறது. நடத்தித் தெரிந்துகொண்டதையே எழுதுகிறேன்.

லீக்கைத் தொடங்குவது பெரிய வேலை இல்லை. ஃபேன்டஸி பிரீமியர் லீக் தளத்தில் இலவசக் கணக்கு, அதில் ஒரு பிரைவேட் லீக், அது தரும் கோடை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஆட்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஆகஸ்டில் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். முதல் மூன்று இடத்தில் இருப்பவர்களைப் பற்றி நீங்கள் கவலைப்படவே தேவையில்லை, யாரும் சொல்லாமலேயே ராத்திரி உட்கார்ந்து டீமைத் திருத்துவார்கள். கடைசி மூன்று இடத்தில் இருப்பவர்கள் பிப்ரவரியிலும் டீமைத் திறந்து பார்க்கிறார்களா? லீக் நடத்துபவர் கவனம் வைக்க வேண்டியது இந்த ஒரு கேள்வியில்தான். விதி, பரிசு, குழு எல்லாவற்றையும் இதை மனதில் வைத்தே அமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அவர்கள் ஏன் விடுகிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 100 மில்லியன் பவுண்டு பட்ஜெட்டில் 15 பேரை எடுக்கிறோம், ஒரு கிளப்பிலிருந்து அதிகபட்சம் மூன்று பேர். கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. இந்தக் கேப்டன் விஷயத்தில்தான் இடைவெளி விழுகிறது. 2024 செப்டம்பரில் பிரைட்டனுக்கு எதிராக செல்சி வீரர் கோல் பாமர் (Cole Palmer) முதல் பாதியிலேயே நான்கு கோல் போட்டார். மிட்ஃபீல்டர் என்பதால் கோலுக்கு 5 வீதம் 20, அறுபது நிமிடம் தாண்டி ஆடியதற்கு 2, ஆட்டத்தில் சிறப்பாக ஆடியதற்கான போனஸ் 3, ஆக 25. அவரைக் கேப்டனாக வைத்திருந்தவருக்கு ஒரே ஆளிடமிருந்து 50. அவரை எடுக்காதவருக்குச் சுழியம். இப்படி இரண்டு மூன்று வாரம் அமைந்துவிட்டால் அக்டோபர் முடிவதற்குள் ஒருவர் நூறு புள்ளிக்கு மேல் பின்தங்கிவிடுவார்.

விழுந்த இடைவெளி பிறகு சுருங்குவதும் இல்லை. 2024-25 பருவத்தில் லிவர்பூலின் சலா 344 புள்ளி எடுத்தார், எஃப்.பி.எல். வரலாற்றிலேயே ஒரு பருவத்தில் யாரும் எடுக்காத அளவு அது. அப்படி ஒருவர் ஆடும்போது லீக்கில் எல்லோரிடமும் அவர் இருப்பார், எல்லோரும் அவரையே கேப்டனாக்குவார்கள். அவர் கோல் போட்டால் எல்லோருக்கும் ஏறும், மேலே இருப்பவர் மேலேயே, கீழே இருப்பவர் கீழேயே. 'நாம என்ன பண்ணாலும் இனிமே பிடிக்க முடியாதுடா' என்ற எண்ணம் வருவது இங்கேதான். கூடவே டிசம்பரில் வாரத்துக்கு இரண்டு கேம்வீக் (ஒரு சுற்று ஆட்டங்கள்) கூட வரும். இரண்டு டெட்லைன் (டீமை மாற்றுவதற்கான கடைசி நேரம்) தவறவிட்டவர் மூன்றாவது முறை ஆப்பைத் திறப்பதே இல்லை.

ஆகவே ஒரே ஒரு பட்டியலை வைத்து ஆண்டு முழுக்க ஓட்டாதீர்கள். எஃப்.பி.எல்.லில் ஒரே டீமை வைத்துக்கொண்டு பல லீக்கில் இருக்கலாம். அதனால் மொத்தப் புள்ளி பார்க்கும் கிளாசிக் லீக் ஒன்று, அதே ஆட்களை வைத்து ஹெட்-டு-ஹெட் லீக் ஒன்று, இரண்டையும் ஜூலையில் தளம் திறந்தவுடன் உருவாக்கிவிடுங்கள். ஹெட்-டு-ஹெட்டில் வாரம் ஒருவரோடு மோதல். வென்றால் 3, சமமானால் 1. பன்னிரண்டு பேர் இருந்தால் 38 வாரத்தில் ஒவ்வொருவரையும் மூன்று நான்கு முறை சந்திக்க வேண்டிவரும். ஆட்கள் இரட்டைப்படையில் இருக்கட்டும். ஒற்றைப்படையானால் ஒருவருக்கு எதிரே லீக்கின் சராசரிப் புள்ளியைத் தளம் நிறுத்திவிடும், சராசரியை ஜெயித்து யாரைக் கிண்டல் செய்வது?

கீழே இருப்பவருக்கு ஹெட்-டு-ஹெட் எவ்வளவு உயிர் கொடுக்கும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் லீக்கில் திருச்சியில் வங்கி வேலையில் இருக்கும் நண்பன் ஒரு பருவம் கிளாசிக் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம். ஜனவரியில் ஒரு சுமாரான வாரத்தில் பட்டியலின் முதலாமவனோடு அவனுக்கு மோதல். திங்கள் இரவு ஆட்டம் தொடங்கும்போது இவன் 38, அவன் 41. இவனிடம் ஒரு டிஃபெண்டர் பாக்கி, எதிராளியிடம் ஆளே இல்லை. கிளீன் ஷீட் வந்தால், அதாவது அந்த டிஃபெண்டரின் அணி கோல் வாங்காவிட்டால் 4, ஆடியதற்கு 2, ஆக 6, ஜெயித்துவிடலாம். ஒரு கோல் விழுந்தால் 2தான், தோல்வி. தொண்ணூறாவது நிமிடத்துக்குப் பிறகு எதிரணிக்கு ஒரு கார்னர் வந்தபோது குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் விழித்திருந்தார்கள். 'மச்சான், தலையால தட்டுடா, எங்கயாவது தட்டு' என்று அந்த டிஃபெண்டரையே இவன் வாய்ஸ் நோட்டில் கெஞ்சிக்கொண்டிருந்தான். பந்து வெளியே போனது, 44-41. பட்டியலில் அவன் இடம் மாறவில்லை. ஆனால் அந்தப் பருவம் முடியும்வரை அவன் ஒரு டெட்லைனைக்கூட விடவில்லை.

இதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. ஒருவர் டீமைக் கைவிட்டுவிட்டால் ஹெட்-டு-ஹெட் பட்டியலே கோணலாகிவிடும். செப்டம்பரில் அவரோடு மோதியவருக்கு உண்மையான ஆட்டம், பிப்ரவரியில் மோதுபவருக்குச் சும்மா வந்த மூன்று புள்ளி. அதனால்தான் கடைசி ஆளைக் காப்பாற்றுவது கருணை இல்லை, முதலாம் இடத்துக்கான போட்டி நேர்மையாக நடக்க அதுவே வழி என்கிறேன்.

மூன்றாவதாக ஒரு லீக்கை டிசம்பர் கடைசியில் தொடங்குங்கள். லீக் உருவாக்கும்போது எந்தக் கேம்வீக்கிலிருந்து புள்ளி எண்ண வேண்டும் என்று தளமே கேட்கும். 20 என்று போட்டுவிட்டால் புத்தாண்டையொட்டி எல்லோரும் சுழியத்திலிருந்து தொடங்குவார்கள். 2025-26 பருவத்தில் வைல்டு கார்டு (டீம் முழுவதையும் இலவசமாக மாற்றுவது), ஃப்ரீ ஹிட் (ஒரு வாரத்துக்கு மட்டும் அப்படி மாற்றுவது), பெஞ்ச் பூஸ்ட் (பெஞ்சில் இருப்பவர்களின் புள்ளியும் சேர்வது), டிரிபிள் கேப்டன் (கேப்டனுக்கு மும்மடங்கு) என்ற சலுகைகள் எல்லாமே இரண்டிரண்டாகக் கொடுத்து, முதல் செட்டை 19வது கேம்வீக்குக்குள் பயன்படுத்த வேண்டும் என்று வைத்தார்கள். இது இந்த ஏற்பாட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது, இரண்டாம் பாதிக்கு எல்லோர் கையிலும் புது செட். இதோடு மாதப் பரிசும் வையுங்கள். கிளாசிக் பட்டியலில் மாதவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, நீங்கள் எக்செல் போட்டுக் கணக்குப் பார்க்கத் தேவையே இல்லை.

அடுத்தது டெட்லைன். லீக் நடத்துபவர் வாரா வாரம் செய்ய வேண்டிய வேலைகளில் மிக முக்கியமானது நினைவூட்டல்தான். வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் டெட்லைன். இங்கிலாந்தில் சனிக்கிழமை பகல் 12:30 ஆட்டம் என்றால் நமக்கு மதியம் 3:30க்கு முடிந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் அதுவே 4:30 ஆகிவிடும். வெள்ளி இரவு ஆட்டம் இருக்கும் வாரங்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. 2025 ஆகஸ்ட் 15 அன்று லிவர்பூல்-போர்ன்மவுத் ஆட்டத்தோடு பருவம் தொடங்கியபோது நம் டெட்லைன் சுதந்திர தினத்து இரவு 11 மணி. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் முடிந்தது கதை. சிங்கப்பூரில், துபாயில் நண்பர்கள் இருந்தால் அவர்கள் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். முந்தின நாள் இரவு ஒரு முறை, இரண்டு மணி நேரம் முன்னால் ஒரு முறை, போதும். அதற்கு மேல் போட்டால் குழுவை மியூட் செய்துவிடுவார்கள்.

விதிகளைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி குழுவில் பின் செய்துவிடுங்கள். பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. ஒருவருக்கு ஒரு டீம்தான். தளம் காட்டும் புள்ளியே இறுதி. போனஸ் புள்ளி ஆட்டம் முடிந்த பிறகு ஏறும், அசிஸ்ட் (கோலுக்கு உதவியதற்கான புள்ளி) சில சமயம் பிறகு மாறும், அதனால் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள்தான் வாரத்தின் முடிவை அறிவிப்பது. ஆட்டம் தள்ளிப்போனால் தனிச் சலுகை எதுவும் கிடையாது. 2022 செப்டம்பரில் ராணி எலிசபெத் மறைந்தபோது ஒரு வார இறுதி ஆட்டங்கள் மொத்தமும் தள்ளிப்போயின. அந்த மாதிரி நேரத்தில் 'என் ஆளுங்களுக்குத்தான் அந்த வாரம் ஈஸி ஃபிக்ஸ்ச்சர்' என்று ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள், எழுதி வைத்த ஒரு வரி இருந்தால் பேச்சு அங்கேயே நிற்கும்.

பணம் வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ட்ரீம்11 போன்றவை கட்டணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது ஒருபக்கம் இருக்கட்டும். நண்பர்களுக்குள் சம்பளம் ஒன்றுபோல் இருக்காது. ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் ஒன்றுமே இல்லை, இன்னொருவர் அதை எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் முதலில் கழன்றுகொள்பவரும் கடைசி இடத்தில் இருப்பவர்தான். ஒரு சுழல்கோப்பை வாங்குங்கள். சென்னையில் என்றால் பெரியமேடு பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகளில் பெயர் பொறித்துக் கேட்டு வாங்கலாம். ஆண்டுதோறும் வென்றவர் பெயரை அடியில் சேர்த்துக்கொண்டே போங்கள். கோப்பையை ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்து திருப்பித் தர வேண்டியிருக்கும் நண்பன் அதைத் தரவே மனமில்லாமல் கொண்டுவருவதைப் பாருங்கள், ஆயிரம் ரூபாய்க்கு அந்த மதிப்பு கிடையாது. மே மாதம் எல்லோரும் ஒரு நாள் கூடிச் சாப்பிடலாம், அவரவர் செலவு அவரவருக்கு.

வாரம் ஒரு சின்ன அறிக்கை எழுதுங்கள். ஐந்தாறு வரிதான், ஆனால் அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. வாரத்தின் முதலிடம் யார், யாருடைய கேப்டன் கைவிட்டார், பெஞ்சில் யார் 15 புள்ளியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார், ஹெட்-டு-ஹெட்டில் அடுத்த வாரம் எந்த மோதல் சூடானது. கடைசி இடத்தில் இருப்பவரைப் பற்றி ஒவ்வொரு வாரமும் ஒரு வரியாவது நல்லதாக இருக்க வேண்டும், அது பொய்யாகவும் இருக்கக் கூடாது. தேடினால் கிடைக்கும்: வேறு யாரிடமும் இல்லாத ஒரு ஆளை எடுத்திருப்பார், அவர் கோல் போட்டிருப்பார். எடுத்த முடிவைக் கிண்டல் செய்யலாம், ஆளை வேண்டாம்.

ஃபுட்பால் அதிகம் பார்க்காதவர்களையும் சேருங்கள். நண்பன் ஒருவனின் தங்கை இப்படித்தான் எங்கள் லீக்கில் வந்தாள். முதல் டீம் போட மட்டும் உடன் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தோம்: கேப்டன், வைஸ் கேப்டன், பெஞ்ச் வரிசை, வாரம் ஒரு டிரான்ஸ்ஃபர் (ஆள் மாற்றம்) இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 4. அவ்வளவுதான். பத்து யூடியூப் லிங்க் அனுப்பி மிரட்டவில்லை. நவம்பரில் அவள் அண்ணனைத் தாண்டிப் போனாள். எப்படி என்று குழுவில் கேட்டதற்கு, 'அண்ணா, நீங்க எல்லாம் பிடிச்ச டீம் ஆளையே எடுக்கறீங்க, நான் அடுத்த அஞ்சு மேட்ச் யாரோடன்னு பாத்து எடுக்கறேன்' என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியில் லீக்கில் பாதிப் பேருக்கு ரோஷம் வந்தது.

உங்கள் கூட்டம் எட்டுப் பேருக்குள், எல்லோரும் வாரா வாரம் ஆட்டம் பார்ப்பவர்கள் என்றால் டிராஃப்ட் முறையையும் யோசியுங்கள். 2017 முதல் எஃப்.பி.எல். அதைத் தனியாக நடத்துகிறது. அங்கே ஒரு வீரர் ஒருவரிடம் மட்டும்தான் இருக்க முடியும், முறை வைத்து மாறி மாறித் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே ஆள் என்ற சலிப்பு அங்கே இல்லவே இல்லை. ஆனால் டிராஃப்ட் இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருந்தாக வேண்டும், குழந்தை குட்டி என்று ஆன கூட்டத்துக்கு அந்த ஒரு இரவை ஒதுக்குவதே பெரும்பாடு. முதல் வருடம் சாதாரண முறையிலேயே ஆடிவிட்டு, ஆட்கள் நிலைத்த பிறகு இதற்குப் போங்கள்.

கடைசியாக, யாராவது தொடர்ந்து இரண்டு வாரம் டீமைத் தொடவில்லை என்று தெரிந்தால் குழுவில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள், போன் செய்யுங்கள். டிரான்ஸ்ஃபர் எண்ணிக்கையும் கேப்டன் தேர்வும் லீக்கில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். பெரும்பாலும் ஆட்ட வெறுப்பு இருக்காது, வேலை மாற்றம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று ஏதாவது இருக்கும். அதை முதலில் பேசுங்கள். பிறகு வைல்டு கார்டு மீதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் போனை வைக்காமலேயே பதினைந்து பேரையும் சேர்ந்து மாற்றிவிடுங்கள்.